நம்ம எம்.எல்.ஏ எதற்கு ஓட்டுப் போட்டார்?

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை வாங்கிய வாக்குகள் 69,590. திமுகவின் அப்பாவு வாங்கியது 69,541. வித்தியாசம் 49. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களிடம் “நாற்பத்தொன்பது” என்று சொன்னாலே போதும், எந்தத் தொகுதி, எந்தத் தேர்தல் என்று திருப்பிக் கேட்க மாட்டார்கள். அந்த 49ஐ வைத்து நடந்த வழக்கை நான் ஒவ்வொரு வாய்தாவாகப் பின்தொடர்ந்தவன். பள்ளித் தலைமை ஆசிரியர் சான்றொப்பம் போட்டது செல்லாது என்று 203 தபால் வாக்குகளைத் தள்ளிவிட்டார்கள் என்பதுதான் அப்பாவுவின் முறையீடு. அவை செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் சொன்னது. அந்தத் தபால் வாக்குகளோடு கடைசி மூன்று சுற்று இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணியும் முடித்தார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது. அந்த இழுபறியில் எனக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும் ஒரு பெருமையும் உண்டு. யாரோ ஓர் அரசு ஊழியர் தபாலில் அனுப்பிய ஒற்றை வாக்கு செல்லுமா செல்லாதா என்று ஒரு நாட்டின் நீதிமன்றங்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து யோசிக்கின்றன. வாக்கின் மேல் வைக்கும் மரியாதை என்றால் இதுதான்.

தேர்தல் முடிவுகளைச் சேர்த்து வைப்பது எனக்குச் சின்ன வயதிலேயே தொற்றிக்கொண்ட பழக்கம். யார் எந்த வருடம் எந்தச் சின்னத்தில் நின்றார், எத்தனையில் ஜெயித்தார், டெபாசிட் யாருக்குப் போனது எல்லாம் நோட்டுகளில் இருக்கும். அப்பாவுவையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ், 2001இல் சுயேச்சை, 2006இல் திமுக என்று மூன்று தேர்தலில் மூன்று விதமாக நின்று மூன்றிலும் ஜெயித்தவர். 2016இல் 49இல் தோற்று, 2021இல் அதே இன்பதுரையை வென்று, பேரவைத் தலைவராகவும் ஆனார். இப்படி யாருடைய தேர்தல் வாழ்க்கையையும் மூச்சு விடாமல் சொல்வேன். போன தேர்தலுக்கு முன்னால் என் தங்கை மகள் முதல் தடவையாக ஓட்டுப் போடப் போகிறாள் என்று, எங்கள் தொகுதியில் மறுபடி நிற்கும் உறுப்பினரைப் பற்றி இந்த மாதிரியே ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “அதெல்லாம் சரி மாமா. நாங்க அவருக்கு எத்தன ஓட்டுப் போட்டோம்னு சொல்லிட்டீங்க. அவரு உள்ள போயி எதுக்கெல்லாம் ஓட்டுப் போட்டாரு? அது எங்க இருக்கு?”

பதில் சொல்ல என்னிடம் ஒரு வரிகூட இல்லை. அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எது தெரியும், எது தெரியாது

ஒரு வேட்பாளரைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிந்த விஷயங்களை நினைத்தால் மலைப்பாக இருக்கும். எந்த வாக்குச்சாவடியில் எத்தனை வாக்கு விழுந்தது என்பது படிவம் 20இல் இருக்கிறது. நம் தெருக்காரர்கள் ஓட்டுப் போடும் அந்தப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் எண் சாவடி வரைக்கும் பார்த்துக்கொள்ளலாம். வேட்பாளரின் சொத்து, கடன், நகை, வழக்குகள், படிப்பு எல்லாம் பிரமாணப் பத்திரத்தில் வந்துவிடுகின்றன. இவையும் சும்மா கிடைத்தவை இல்லை. 2002லும் 2003லும் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வந்தன. வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று நீதிமன்றம் அடித்துச் சொல்லவேண்டி வந்தது. மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்கள் எத்தனை நாள் வந்தார்கள், எத்தனை கேள்வி கேட்டார்கள், எத்தனை விவாதத்தில் பேசினார்கள் என்று தொகுத்துத் தரும் ஆய்வு நிறுவனங்களும் இருக்கின்றன. நம் சட்டமன்றத்தில் 2022 ஜனவரி முதல் கேள்வி நேரத்தை நேரலையில் பார்க்கிறோம்.

ஆனால் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அடிப்படை வேலை என்ன? சட்டம் இயற்றுவது. அதில் அவருடைய பங்கு கடைசியில் ஒரு வாக்கு. சாலை, குடிநீர், பேருந்து நிறுத்தம் எல்லாம் அமைச்சரிடம், அதிகாரியிடம் கேட்டு வாங்கித் தருவது. அவர் தன் கையால் செய்யக்கூடிய ஒரே காரியம் அந்த வாக்குதான். அது மட்டும் நமக்குத் தெரியாது. யாரும் பூட்டி வைத்ததால் தெரியாமல் போகவில்லை. பெரும்பாலும் அப்படி ஒரு பதிவே உண்டாவதில்லை.

சட்டமுன்வடிவு வாக்கெடுப்புக்கு வரும்போது பேரவைத் தலைவர், “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க” என்பார். சத்தம் வரும். “ஆம் என்போர் அதிகம், சட்டமுன்வடிவு நிறைவேறியது” என்பார். குரல் வாக்கெடுப்பு என்பது இவ்வளவுதான். யாரும் ஆட்சேபித்து, எண்ணிக் கணிக்கச் சொல்லிக் கேட்காதவரை யார் பெயரும் எழுதப்படாது. அரசியலமைப்பின் 189ஆவது பிரிவு, அவையில் இருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. பெயரைக் குறித்துவை என்று கேட்கவில்லை. பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இருந்தால் அவை நடக்கலாம். 234 பேர் கொண்ட நம் பேரவைக்கு அது 24 பேர். அந்த 24 பேரில் நம் ஆள் இருந்தாரா என்பதுகூட வாக்கெடுப்புக் குறிப்பிலிருந்து தெரியப்போவதில்லை.

பன்னிரண்டு மணி நேர வேலை

இது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2023 ஏப்ரல் 21. பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்க்கும் தமிழ்நாட்டுத் திருத்தம் வந்தது. சில தொழிற்சாலைகளுக்கு வேலை நேர விதிகளிலிருந்து விலக்கு தர அது அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஊர் பாஷையில் அது ‘பன்னிரண்டு மணி நேர வேலைச் சட்டம்’. காங்கிரஸ், கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் எனக் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அன்றைய ஆளுங்கட்சியான திமுகவின் சொந்தத் தொழிற்சங்கமான தொமுசவே ஏற்கவில்லை. மூன்றே நாளில் அதை நிறுத்தி வைப்பதாக முதல்வர் அறிவித்தார். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாகவும் சொன்னார்.

அரசு திரும்பப் பெற்றதை நான் மனதார வரவேற்றேன். ஆனால் என் நோட்டில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. ஏப்ரல் 21 அன்று ‘ஆம்’ என்ற உறுப்பினர் யார்? தொழிலாளர்கள் நிறைந்த தொகுதிகளிலிருந்து ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள்? உரக்க ‘ஆம்’ என்றார்களா, வாயை மூடிக்கொண்டு இருந்தார்களா, அவைக்கே வரவில்லையா? வெளிநடப்புச் செய்தவர்களின் நிலை தெரியும். உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் நிலை அந்தச் சத்தத்தோடு போய்விட்டது. அப்படி ஒரு சட்டமுன்வடிவு மூன்று நாளில் நிற்கும் அளவுக்கு எதிர்ப்பைக் கிளப்பியது என்றால், அதை நிறைவேற்றியவர்களில் சிலருக்காவது உள்ளுக்குள் உறுத்தியிருக்கும். அந்த உறுத்தல் பதிவாக ஓர் இடம் இல்லை.

அப்போது பேரவைத் தலைவர் அப்பாவு. இதை அவர் மேல் குறையாக நான் எழுதவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும், யார் அந்த நாற்காலியில் இருந்தாலும், குரல் வாக்கெடுப்புதான் வழக்கம். விதியும் அதைத்தான் அனுமதிக்கிறது. ஆனாலும் 203 தபால் வாக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ண வேண்டும் என்று நீதிமன்றம் வரை போன ஒருவர் தலைமை தாங்கிய அவையில், வாக்குகளை எண்ணாமல் நிறைவேற்றுவதே இயல்பு என்று இருந்ததை நினைக்கும்போது எனக்குத் துக்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்து முன்னாள் உறுப்பினர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். வயதாகிவிட்டது, இனி எந்தச் சீட்டும் கேட்கப்போவதில்லை என்பதால் தயக்கமில்லாமல் பேசினார். “தம்பி, கடைசி நாள்ல கட்டுக் கட்டா வரும். தலைப்ப வாசிக்கதுக்குள்ள அடுத்தது வந்துரும். எல்லாரும் ஆம்னு சொல்லுவோம். எதுக்குச் சொன்னோம்னு மறுநா பேப்பரப் பாத்துத்தான் தெரியும்” என்றார். மனசுக்குப் பிடிக்காத ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. எந்திரிச்சு கேன்டீனுக்குப் போயி காப்பி குடிச்சேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது. அத தொகுதில வந்து யார்ட்ட சொல்லுதது? சொன்னா அடுத்த தடவ சீட்டு கிடையாதுல்லா.” எந்தச் சட்டமுன்வடிவு என்று நான் வற்புறுத்திக் கேட்டும் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். ஐந்து வருடப் பதவியில் தன் மனசாட்சிப்படி செய்த ஒரு காரியத்தை இத்தனை வருடம் கழித்தும் வெளியே சொல்ல முடியாமல் வைத்திருக்கிறார்.

பதிவான வாக்கு என்ன செய்யும்

நாடாளுமன்றம் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். யாராவது கேட்டால் பிரித்து எண்ணுகிறார்கள், யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு நடவடிக்கைக் குறிப்பில் ஏறுகிறது. அரசியலமைப்புத் திருத்தம் என்றால் எண்ணியே ஆக வேண்டும். அதனால்தான் 2023இல் மகளிர் இட ஒதுக்கீட்டை மக்களவையில் 454 பேர் ஆதரித்தார்கள், 2 பேர் எதிர்த்தார்கள் என்று நம்மால் சொல்ல முடிகிறது.

இப்படிப் பதிவான வாக்குக்கு நீண்ட ஆயுள். 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதாவை 125 பேர் ஆதரித்தார்கள். அதில் அதிமுகவின் 11 பேரும் பாமகவின் அன்புமணியும் அடக்கம். இந்தப் 12 வாக்குகளைத் தமிழ்நாடு மறக்கவே இல்லை. அடுத்த சட்டமன்றத் தேர்தல் மேடைகள் வரைக்கும் அது வந்தது. எந்தச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்களோ, அதைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் அதிமுக எழுதும்படி ஆயிற்று. அந்த மாற்றத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் கேள்வி கேட்கப்பட்டது, கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் வந்தது. மறுபக்கமும் உண்டு. 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டே திமுக மக்களவையில் அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது. அன்று அரசுப் பக்கம் 253, எதிர்ப்பக்கம் 218. அதுவும் பதிவில் இருப்பதால்தான் எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர் ஒருவர் அதை இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது பதிவாகாத ஒன்றைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 20, மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள். அதிமுகவின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் எழுந்து பேசினார். 1991 முதல் 1996 வரை நம் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மூத்தவர். கட்சித் தலைமை மசோதாக்களை ஆதரித்தது. இவர் பேச்சிலோ கடுமையான விமர்சனம். எல்லோரும் வியந்து பார்த்தார்கள். சரி, அவர் எப்படி வாக்களித்தார்? தெரியாது. திருச்சி சிவா உள்ளிட்டோர் எண்ணிக் கணிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அமளி, கூச்சல். துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியதாக அறிவித்துவிட்டார். பாலசுப்பிரமணியத்தின் பேச்சைக் கொண்டாடியவர்களும் திட்டியவர்களும் அதோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். அந்தச் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் ஒரு வருடத்துக்கும் மேல் டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்கள், 2021 நவம்பரில் பிரதமர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். தங்கள் மாநிலத்து உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று கேட்க அந்த விவசாயிகளிடம் ஒரு தாள்கூட இல்லை.

ஆக, எல்லா வாக்கெடுப்பையும் பெயரோடு பதிவு செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நான் உறுதியாக இருந்தேன். 2017 பிப்ரவரி 18ஐத் திரும்பப் படிக்கும்வரை.

பதினொருவர், பதினெட்டுப் பேர்

அன்றைய நாளைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூவத்தூர், தர்மயுத்தம், கிழிந்த சட்டை எல்லாம் நினைவில் இருக்கும். நான் சொல்ல வருவது வாக்கெடுப்பைப் பற்றி மட்டும். எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரினார். திமுக வெளியேற்றப்பட்டது, காங்கிரஸ் வெளிநடப்புச் செய்தது. பேரவைத் தலைவர் தனபால் அவையை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ண வைத்தார். ஆதரவு 122, எதிர்ப்பு 11. என் நோட்டில் ஆசை ஆசையாக எழுதி வைத்திருந்த பட்டியல் இது. நம் பேரவையில் ஒவ்வோர் உறுப்பினரும் எந்தப் பக்கம் நின்றார் என்று ஊரே பேர் சொல்லும் வாக்கெடுப்பு எத்தனை தடவை நடந்திருக்கிறது?

இந்தத் தடவை அதைப் படித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. வாக்கெடுப்புக்கு முன்னால் ஸ்டாலினும் ஓ. பன்னீர்செல்வமும் சேர்ந்து கேட்டது ரகசிய வாக்கெடுப்பை. நாள்கணக்கில் விடுதியில் வைத்திருந்து அழைத்து வரப்பட்டவர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்க வேண்டுமானால் யாருக்கும் தெரியாமல் வாக்களிக்க விடுங்கள் என்பது வாதம். அதாவது மனசாட்சியின் பேரில் பேசியவர்கள் கேட்டது பதிவை இல்லை, மறைவை. வெளிப்படையான பதிவு வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பதும் மனசாட்சியின் பேரில்தான். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? பல ராத்திரி இதிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நடந்தவை குழப்பத்தை இன்னும் கூட்டின. கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சியின் கட்டளையை மீறி, எல்லோர் கண் முன்னாலும் எழுந்து நின்று அரசுக்கு எதிராக வாக்களித்தவர்கள் அதிமுகவில் பன்னீர்செல்வம் அணியைச் சேர்ந்த அந்த 11 பேர். கட்சி தாவல் தடைச் சட்டம் நேராகப் பேசுவதே இப்படிப்பட்ட வாக்கைப் பற்றித்தான். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும் சரி, வாக்களிக்காமல் இருந்தாலும் சரி, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். அந்த 11 பேரைத் தகுதி நீக்கம் செய்யக் கோரி மனுக்கள் பேரவைத் தலைவரிடம் போயின. முடிவே வரவில்லை. ஆகஸ்டில் இரண்டு அணிகளும் சேர்ந்தன. பன்னீர்செல்வம் துணை முதல்வர், 11 பேரில் ஒருவரான மாஃபா பாண்டியராஜன் அமைச்சர். எந்த அரசு நிற்கக் கூடாது என்று எழுந்து நின்றார்களோ, அதே அரசில் அமர்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பொறுப்பைப் பேரவைத் தலைவரிடமே விட்டது. 2021இல் பதவிக்காலம் முழுதாக முடிந்து இறங்கினார்கள்.

இன்னொரு பக்கம் அதே அதிமுகவில் தினகரன் ஆதரவாளர்கள் 18 பேர். அவர்கள் பேரவையில் அரசுக்கு எதிராக ஒரு வாக்குகூடப் போடவில்லை. பிப்ரவரியில் அரசுக்கு ஆதரவாக நின்றவர்கள். ஆகஸ்ட் 22 அன்று ஆளுநரிடம், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம். 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். 2019 ஏப்ரல், மே மாதங்களில் இடைத்தேர்தல் நடக்கும்வரை, ஏறக்குறைய இருபது மாதம், அந்தத் தொகுதிகளுக்கு உறுப்பினரே கிடையாது.

யார் பக்கம் நியாயம் என்ற வழக்கை நான் இங்கே நடத்த வரவில்லை. சட்ட நுணுக்கம் பேசுபவர்கள் இரண்டுக்கும் வேறுபாடு காட்டுவார்கள், காட்டட்டும். எனக்கு விளங்கியது ஒன்று. பதிவான வாக்குக்கு விளைவு என்ன என்பதைக் கட்சித் தலைமையும் பேரவைத் தலைவரும் முடிவு செய்கிறார்கள். தொகுதி மக்கள் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. போடிநாயக்கனூர்க்காரர்களோ ஆவடிக்காரர்களோ தங்கள் உறுப்பினர் செய்தது சரியா தப்பா என்று சொல்ல அந்த நாலு வருடமும் ஒரு வழி கிடையாது. இருபது மாதம் உறுப்பினர் இல்லாமல் கிடந்த தொகுதிகளிடமும் யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் ரகசியம் கேட்டவர்களின் வாதமும் என் வாதமும் மோதவில்லை என்று தெரிந்தது. அவர்கள் மறைக்க நினைத்தது கட்சியிடமிருந்து. நான் காட்டச் சொல்வது வாக்காளரிடம். இன்றைய ஏற்பாட்டில் இந்த இரண்டையும் பிரிக்க முடியவில்லை. வாக்காளருக்குத் தெரிந்தால் கட்சிக்கும் தெரியும், கட்சிக்குத் தெரிந்தால் பதவி போகும். முன்னாள் உறுப்பினர் கேன்டீனுக்குப் போனதன் காரணமும் அதுவே.

மாநிலங்களவைத் தேர்தலில் நம் எம்.எல்.ஏக்கள் வாக்களிக்கும் முறையைக் கவனித்திருக்கிறீர்களா? 2003 முதல் அது திறந்த வாக்கு. ஆனால் யாருக்குத் திறந்தது? வாக்குச் சீட்டைப் பெட்டியில் போடுமுன் தன் கட்சியின் முகவரிடம் காட்ட வேண்டும். வேறு யாரிடமும் காட்டினால் செல்லாது. கட்சி பார்க்கலாம், வாக்காளர் பார்க்கக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எழுதிவைக்க முடியாது.

கட்சிக்குத்தானே போட்டோம்?

இதை எழுதப்போகிறேன் என்றபோது நண்பர் ஒருவர் மறுத்தார். நாம் ஓட்டுப் போடுவது சின்னத்துக்கு; சின்னத்தில் ஜெயித்தவர் சின்னத்தின் பேச்சைக் கேட்பதுதான் நேர்மை; தனித்தனியாக வாக்களிக்க விட்டால் விலைக்குப் போய்விடுவார்கள் என்றார். நியாயமான பயம். 1967க்குப் பிறகு உறுப்பினர்கள் கட்சி விட்டுக் கட்சி தாவிய வேகத்தைப் பார்த்துத்தான் 1985இல் 52ஆவது அரசியலமைப்புத் திருத்தமாகக் கட்சி தாவல் தடைச் சட்டம் வந்தது. ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் அணி மாறி மாறிப் போன கதையில் பிறந்த ‘ஆயா ராம் கயா ராம்’ இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது. அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் ஆட்சி கவிழ்வதும் வேலை நேரச் சட்டமும் ஒன்றா? ஆட்சி நிற்பதா விழுவதா என்ற வாக்கெடுப்பில் கட்சிக்குக் கட்டுப்படு என்பது எனக்கும் சம்மதம். அந்தச் சின்னத்தின் ஆட்சி வர வேண்டும் என்றுதான் மக்கள் வாக்களித்தார்கள். தொழிற்சாலையில் எத்தனை மணி நேரம் வேலை, ஏரிக்கரையில் என்ன கட்டலாம் என்பதில் ஓர் உறுப்பினர் தன் தொகுதிக்காக மாறி வாக்களித்தால் ஆட்சிக்கு என்ன கேடு? 1990இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு இப்படித்தான் சொன்னது: நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற, அரசின் ஆயுளைத் தொடும் வாக்கெடுப்புகளில் மட்டும் தகுதி நீக்கம் இருக்கட்டும் என்று. 1999இல் சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கையும் கொறடா உத்தரவை அப்படிச் சுருக்கச் சொன்னது. நடுவில் 2003இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்து போனால் தப்பிக்கலாம் என்ற வழியை அடைத்தார்கள். கொறடாவின் கையை மட்டும் தொடவில்லை. எல்லாக் கட்சித் தலைமைக்கும் அது வசதி. அதனால் எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் இதை எதிர்பார்த்து நான் காத்திருக்கவில்லை.

சட்டம் மாறாமலே நடக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. குரல் வாக்கெடுப்பில் தான் ‘ஆம்’ என்றாரா ‘இல்லை’ என்றாரா என்று ஓர் உறுப்பினர் வெளியே சொல்வதைத் தடுக்கும் விதி எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. கட்சி சொன்னபடிதான் வாக்களித்தார் என்றால் அதைச் சொல்வதில் அவருக்கு ஆபத்தே கிடையாது. ‘இந்தக் கூட்டத்தொடரில் இத்தனை சட்டமுன்வடிவுகள் வந்தன, இவற்றுக்கு நான் அவையில் இருந்தேன், இவற்றுக்கு இல்லை, ஆதரித்தது இவை, காரணம் இது’ என்று ஒரு தாள். தொகுதி அலுவலகச் சுவரில் ஒட்டலாம். கேன்டீனுக்குப் போனவர் அந்தச் சட்டமுன்வடிவுக்கு நேராக ‘இல்லை’ என்று மட்டும் எழுதினாலே தொகுதியில் உள்ளவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அப்படி ஒரு தாளின் மாதிரியைத் தங்கை மகளும் நானும் சேர்ந்து தயாரித்திருக்கிறோம். ஐந்தே கட்டங்கள்: சட்டமுன்வடிவின் பெயர், ஒரு வரியில் அது யாரைத் தொடுகிறது, உறுப்பினர் அவையில் இருந்தாரா, என்ன சொன்னார், ஏன். முதல் வரியில் 2023 ஏப்ரல் 21 தொழிற்சாலைகள் திருத்தத்தை அவளே எழுதினாள். அவள் அப்பா மில் தொழிலாளி. அந்தத் தாளை எங்கள் உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுத்தோம். வாங்கிப் பார்த்த உதவியாளர், “இதெல்லாம் யாரும் கேட்டதில்லையே” என்றார். “நாங்க கேக்கோம்ல” என்றாள் அவள். அண்ணனிடம் சொல்கிறேன் என்று ஃபைலில் வைத்துக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தொடர் முடிந்ததும், அதில் நிறைவேறிய சட்டமுன்வடிவுகளின் பெயர்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடி போகிறோம். உங்கள் தொகுதியில் கொடுக்க நினைப்பவர்கள் எழுதுங்கள், மாதிரித் தாளை அனுப்புகிறேன்.